சொட்டு நின்ற வண்டி

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்புமா என்று ஊரே வானத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒருவன்தான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் என் லாரி. வெயில் காலம் முழுக்க மூச்சுக் காட்டாமல் ஓடிய வண்டி, தூறல் விழ ஆரம்பித்ததிலிருந்து நடுரோட்டில் நிற்கத் தொடங்கியிருந்தது.

பல வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டி, திட்டு வாங்கி, கடைசியில் சொந்தமாக வாங்கிய லாரி அது. பழைய வண்டிதான், ஆனால் டர்போ எஞ்சின், நல்ல இழுவை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வேலையும் கிடைத்தது. அங்கே சாமான் நேரத்துக்குப் போகாவிட்டால் உள்ளே வேலை நின்றுவிடும். வண்டி பாதியில் நின்று நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோதெல்லாம் சூப்பர்வைசர் பொறுத்துக்கொண்டார். கடைசியில் ஒருநாள் கேட்டிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி நின்னா வேற வண்டி போட்டுடுவேம்பா. அப்புறம் என் மேல வருத்தப்படாத."

அந்த வேலை போனால் வண்டியும் போய்விடும். அதை நம்பித்தான் வாங்கியிருந்தேன். திரும்பவும் அடுத்தவன் வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்கப் போக வேண்டும் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

நோய் என்னவென்று கண்டுபிடித்தால் மருந்து பார்க்கலாம். கண்டுபிடிக்க முடியவில்லை. வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். பாலம் ஏற ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் இருமும், குபுகுபுவென்று வெள்ளைப் புகை தள்ளும், இழுவை செத்துப்போய் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகிற அன்று பார்த்து வெயிலடிக்கும். அவர் முன்னால் என் வண்டி தங்கக்கம்பியாக நடந்துகொள்ளும். டீசல் ஃபில்டர் மாற்றினார், நாசில் கழற்றிப் பார்த்தார், டீசல் பம்பை வெளியே கொடுத்துச் சரிபார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுண்ணே" என்றார். எல்லாம் நல்லாயிருக்கிறது, வண்டி மட்டும் ஓடவில்லை.

"மழை வந்தா உன் வண்டிக்கு ஜலதோஷம் புடிச்சிக்கிதுபா, மிளகு ரசம் ஊத்து" என்று டீக்கடைக்காரர் கிண்டலடித்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருப்பது ஐயம்பேட்டையில், நெசவுக்காரர்கள் தெரு. எனக்குத் தறி வராது. என் மனைவி நெசவு வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டு முன்னறையில் அவளுடைய தறி இருக்கிறது. தறியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒன்று தெரியும். இழை அறுந்தால் விரல் தானாகப் போய் முடிச்சுப் போட்டுவிடும். கண் கூடப் பாதிதான் அந்தப் பக்கம் திரும்பும். அறுந்தது என்றும் சொல்ல மாட்டாள், கட்டினேன் என்றும் சொல்ல மாட்டாள். அவர்கள் வேலையில் அதைப் போய் யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

வண்டி வாங்கிய புதிதில் தெருவில் ஒரு சண்டை வந்தது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நீள இழைகளை, இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். என் லாரி நிற்கிற இடத்தில் முன்பக்கத்திலிருந்து எண்ணெயும் தண்ணீரும் கலந்து சொட்டுச் சொட்டாக விழுந்து கறையாகியிருந்தது. அதை மிதித்த காலோடு யாராவது பாவுப் பக்கம் போனால் என்ன ஆகும்? "பாவு போடுற எடத்துல எண்ணெய ஊத்திக்கினு கீறியே, பட்டுல பட்டா நீயா தருவ?" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். என் மனைவிதான் நடுவில் வந்து சமாதானம் சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நாளில் சொட்டு தானாக நின்றது. தெருவும் அடங்கியது. ஏதோ கேஸ்கட் படிந்துவிட்டது போல என்று நினைத்து நிம்மதியாகிவிட்டேன்.

அது கோடையில் நடந்தது.

ஐப்பசி முடிவதற்குள் நான் பாதி ஆளாகிவிட்டேன். தூங்கப் போனாலும் எஞ்சின் இருமுவது காதில் கேட்கும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். மனைவி அம்மனுக்கு விளக்குப் போட்டாள். ஒருநாள் தென்னேரிப் பக்கம் வண்டி நின்றபோது இறங்கி முன்சக்கரத்தை எட்டி உதைத்தேன், கால்தான் வீங்கியது. கேபினுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதேன். வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி நடை அன்று காலையிலிருந்தே நசநசவென்று தூறல். முழு லோடு. கேட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். மெதுவாகவே போனேன், எஞ்சினைக் கெஞ்சிக்கொண்டே போனேன். பாலம் வந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அழுத்தினேன். ஏதோ கல்லை விழுங்கியது மாதிரி உள்ளே 'டங்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. இந்த முறை எவ்வளவு நேரம் காத்திருந்தும் சாவிக்கு அசையவில்லை.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. "சரிப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்ஷாப்பில் போட்டோம். மெக்கானிக் இந்தத் தடவை முன்பக்க பம்பரையே கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற இண்டர்கூலரின் அடியில் கைவிட்டுத் தடவினார். டர்போ காற்றை அழுத்தி அனுப்பும்போது காற்று கொதிக்கும். அதை ஆற்றி எஞ்சினுக்குக் கொடுப்பது இண்டர்கூலர். அடியில் கை வைத்தவர் முகம் மாறியது. குறடு கொண்டுவரச் சொல்லி எதையோ பிடுங்கினார். பிடுங்கிய இடத்திலிருந்து கலங்கின மோர் மாதிரி தண்ணீர் கொட்டியது. பக்கெட்டை வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மழக்காத்து ஈரத்தோட வருதா, உள்ள ஆறினதும் தண்ணியா எறங்கிடும்ணே. அது சொட்டிப் போவறதுக்குன்னே அடியில ஒரு ஊசி ஓட்டை வுட்டுக்கிது இந்த வண்டியில. எவனோ அத அடைச்சி வெச்சிருக்கான். தண்ணி போறதுக்கு வழியில்லாம தேங்கிக்கினே இருந்து, நீ அழுத்தின ஒடனே மொத்தமா எஞ்சின் குடிச்சிடுச்சி. ராடு வளைஞ்சிருக்கும். எந்த மடையன்ணே இந்த வேலை பண்ணது?"

பிடுங்கியதை என் உள்ளங்கையில் வைத்தார். கூராகச் சீவிய மூங்கில் துண்டு. அதன் மேல் கழிவுப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, பசையில் தோய்த்து அடித்திருந்தது. ஈரத்தில் மூங்கில் ஊதி இன்னும் இறுகியிருந்தது. அழுக்கைத் துடைத்தேன். அரக்கு நிறம். கோடையில் எங்கள் வீட்டுத் தறியில் ஓடிய புடவையின் நிறம். நூலின் முனையில் கடுகளவு ஒரு முடிச்சு. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

"தெரியலப்பா" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் அவளிடம் என்னென்ன கத்த வேண்டும் என்று வரிசையாக நினைத்துக்கொண்டே வந்தேன். யாரைக் கேட்டுச் செய்தாய்? வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்தேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் துணி ஊறவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து அவளே அதை எடுத்தாள்.

"இன்னாங்க, இத எதுக்குப் புடுங்கினாங்க? மறுபடியும் ஒழுவுமே. தெருவுல கத்துவாங்களேன்னு எவ்ளோ கஷ்டப்பட்டு வண்டிக்கடியில படுத்துக்கினு அடைச்சேன் தெரியுமா?"

"ஒழுவணும்மா" என்றேன். "அது ஒழுவறதுக்குன்னு வெச்ச ஓட்டை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். மழையையும் வண்டி நின்றதையும் அவள் ஒன்றோடொன்று சேர்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்போ..." என்றாள்.

"மழைதாம்மா. காத்துல ஈரம் ஜாஸ்தி இந்த வருஷம்" என்றேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

எஞ்சினை இறக்கிச் செய்கிற தெம்பு எங்களுக்கு இல்லை. வண்டியை நின்ற இடத்திலேயே விற்றுவிட்டோம். இப்போது இன்னொருவருடைய லாரி ஓட்டுகிறேன். அந்த அடைப்பைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. நான் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. ஆனால் நான் வீட்டிலிருக்கும் நாட்களில் தறிச் சத்தம் பாதியில் நின்றுவிடும். "இன்னாங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிடுவாள். போனால், அறுந்த இழையின் இரண்டு முனையையும் விரலில் பிடித்து என்னிடம் காட்டுவாள்.

"கட்டட்டா?" என்பாள்.

தறியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. குனிந்து பார்ப்பேன். "கட்டும்மா" என்று சொன்ன பிறகுதான் கட்டுகிறாள்.