எல்வீனா பாலைத் தொடாத குளிர்காலம்

எல்வீனாவின் தோல் மாறப்போகிறது என்று ஆர்டித் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொன்னாள். நல்ல சேதி சொல்கிறவளின் முகத்தோடுதான் சொன்னாள். எல்வீனாவுக்கு அப்போது பதினோரு வயது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சான்பீட் பள்ளத்தாக்கில், வான்கோழிப் பண்ணையை ஒட்டிய வீடு. கணப்புக்குப் பக்கத்தில் ஆர்டித்தின் கணவன் ரூலன் மோர்ட்டென்சன் மார்மன் சபையின் வேதபுத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டிருந்தான். மகள் ஜனீல் தரையில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டித் புத்தகத்தை மெதுவாக உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நவஹோ பழங்குடிகளின் தேசத்திலிருந்து தன்னிடம் வளர வந்திருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தினாள்.

"உங்க ஜனங்க யாரு தெரியுமா கண்ணு? ஜெருசலேம்லேர்ந்து கப்பலேறி வந்த குடும்பம். ரொம்ப உசந்த வம்சம். அதுல மூத்த பசங்க கடவுளுக்கு அடங்கல. அதனால சாபம் விழுந்துச்சு. வெள்ளையா இருந்தவங்க தோலு கருத்துப்போச்சு."

எல்வீனா தன் புறங்கையைப் பார்த்தாள்.

"பயப்படாதே, அது நீங்கிடும். நம்பி நடந்தா வெளுத்து அழகாயிடுவீங்கன்னு இதுலயே போட்டிருக்கு. தானா மாறும். உனக்கும் மாறும்."

"எங்கம்மாவுக்குமா?"

"நம்பினா அவங்களுக்கும்."

ஆர்டித் அவள் கையை எடுத்து ஜனீலின் கையோடு சேர்த்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வந்தப்போ இருந்ததுக்கு இப்பவே கொஞ்சம் தேவலை. இல்ல ஜனீல்?"

"எனக்கு அப்படியேதான் தெரியுது," என்றாள் ஜனீல்.

எல்வீனா கையை உருவிக்கொண்டாள். அவள் பிறந்த கைபேட்டோ பக்கத்தில், விளையாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாத பேச்சு ஒன்று உண்டு. தன் தோலை விட்டுவிட்டு வேறொரு தோலுக்குள் புகுந்து திரிகிறவர்களைப் பற்றிய பேச்சு. சொந்த ரத்தத்தையே கொன்றவர்களுக்குத்தான் அது கைகூடும் என்பார்கள். வாயால் சொன்னாலே வாசல் தேடி வந்துவிடும் என்பார்கள். ஆடு மேய்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். இந்த ஊரில் என்னடாவென்றால் ஒரு பெண்மணி எம்பிராய்டரி போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, உனக்குத் தோல் மாறும் கண்ணு என்று சிரிக்கிறாள்.

யாரிடம் சொல்வது? சொல்லவே கூடாத ஒன்றை எந்த மொழியில் சொல்வது?

அவளை அனுப்பிவைத்தது அம்மாதான். அம்மா தன் சிறுவயதில் சர்க்கார் விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். தாய்மொழி பேசியதற்காக வாயில் சோப்புக்கட்டியைத் திணித்தார்கள். அங்கே கற்றது அந்த ருசி ஒன்றுதான் என்பாள். அதனால் மார்மன் ஊழியக்காரர்கள் வந்து, "பிள்ளைக்கு ஞானஸ்நான முழுக்கு போட்டுட்டா போதும், எங்காளுங்க வீட்லயே சொந்தப் பிள்ளை மாதிரி இருந்து படிக்கலாம், கோடைக்குத் திரும்பி வந்துடும்" என்றபோது அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். வீடு என்ற சொல்தான் அவளை இளக்கியது. பஸ் போய் நின்ற இடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலைக்கு மருந்து தடவிக் குளிப்பாட்டினார்கள். இடுப்பு வரை தொங்கிய எல்வீனாவின் கூந்தலைக் காதோடு நறுக்கினார்கள். அன்று அவள் அழவில்லை. முடி வளர்ந்துவிடும். தோல் அப்படியா?

மறுநாள் காலை மேஜையில் ஒரு தம்ளர் பால் இருந்தது. எல்வீனா அதையே பார்த்தாள். இந்த வீட்டில் எல்லாமே வெள்ளை என்பது அப்போதுதான் உறைத்தது. பால், ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வான்கோழியின் நெஞ்சுக்கறி. தானா மாறும் என்றாளே, எப்படி மாறும்? இப்படித்தான் உள்ளே போய் மாற்றும்.

அன்றிலிருந்து அவள் வெள்ளையாக இருக்கும் எதையும் விழுங்குவதில்லை. ரொட்டியின் பழுப்பு ஓரத்தை மட்டும் கடித்தாள். கறியில் பொரிந்த தோலை மட்டும் தின்றாள். குழம்பை நக்கினாள். மீதி எல்லாம் ஆர்டித் திரும்புகிற நொடியில் ஜனீலின் தட்டுக்கு மாறும்.

"எனக்கென்ன, நான் தின்னுட்டுப் போறேன்," என்றாள் ஜனீல், கோழிக்கொட்டகைக்குப் பின்னால் வைத்து. "ஆனா ஏன்?"

எல்வீனா தயங்கித் தயங்கிப் பாலைப் பற்றி மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை.

ஜனீல் சிரித்தே விட்டாள். "ஏய் லூசு! பால் குடிச்சா வெளுக்கும்னா எங்க கருப்புக் கன்னுக்குட்டி இந்நேரம் மேகமாட்டம் ஆகியிருக்கணும்டி."

எல்வீனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுநாளும் பாலைத் தொடவில்லை. கன்றுக்குட்டிக்கு யாரும் சாபத்தைப் பற்றிப் படித்துக் காட்டவில்லையே.

பனி இறங்கியது. வெயில் என்பதே ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற மங்கலாகிப் போயிற்று. எல்வீனா நாளுக்கு நாள் இளைத்தாள். படியேறினால் மூச்சு வாங்கியது. காலையில் கண்ணாடியைப் பார்ப்பாள். உதடு வெளிறியிருக்கும். நகக்கண்ணில் ரத்தமே தெரியாது. கன்னம் சாம்பல் பூத்துக் கிடக்கும். வெளுக்க வெளுக்கப் பயம் கூடியது, பயம் கூடக் கூட இன்னும் கொஞ்சம் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். குழம்பில் மாவு கரைத்திருப்பதைப் பார்த்த பிறகு அதையும் விட்டாள். கழுவுதொட்டி அருகே நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் தன் பழைய தோல் நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கத் துணிய மாட்டாள். தூங்கப் போகும்முன் தனக்குள் சொல்லிக்கொள்வாள்: நான் கசப்புத்தண்ணிக் குலம், உப்புக் குலத்துக்காகப் பிறந்தவள். அம்மாவின் குலத்தையும் அப்பாவின் குலத்தையும் சொன்னால் போதும், டினே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் நவஹோ ஜனங்கள் யாராக இருந்தாலும் இன்னார் என்று தெரிந்துகொள்வார்கள். கப்பலேறி வந்த கதை எதுவும் அதில் கிடையாது. இப்போது அதைச் சொல்லும்போதுகூட யாருடையதையோ திருடிச் சொல்வதுபோல் நாக்கு தடுமாறியது.

ஆர்டித்துக்கோ பூரிப்பு தாங்கவில்லை. கோயிலுக்கு வருகிற பெண்களிடமெல்லாம், "எங்க எல்வீனாவைப் பாத்தீங்களா? புத்தகத்துல சொன்னது கண்ணு முன்னாடி நடக்குது" என்பாள். அந்தப் பெண்களும் எல்வீனாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஆமாம்மா, ஆமாம்" என்பார்கள்.

மார்ச்சில் சுற்றுவட்டாரச் சபைகளெல்லாம் கூடுகிற பெரிய கூட்டம் வந்தது. சபையின் தலைமையிடமான சால்ட் லேக்கிலிருந்து ஒரு பெரியவர் பேச வருகிறார். எல்வீனாவின் அம்மாவையும் வரவழைத்திருக்கிறேன், இருவரும் எல்லார் முன்னாலும் நிற்கலாம் என்று ஆர்டித் சொன்னபோது எல்வீனாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"சந்தோஷத்துல கை நடுங்குது பாரு பிள்ளைக்கு," என்றாள் ஆர்டித்.

அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாது. எல்வீனாவின் தலைக்குள் இது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, இது யாரோ என் மகளைத் தின்றுவிட்டு அவள் பேரில் வந்து நிற்கிறது என்று நினைப்பாள்.

அன்று கோயில் நிரம்பி வழிந்தது. எல்வீனா முன்வரிசையில் மஞ்சள் கவுன் போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. வெல்வெட் சட்டையும் நீண்ட பாவாடையும் தோளில் கம்பளமுமாக அம்மா உள்ளே வந்தாள். வரிசை வரிசையாகத் தேடினாள். அவள் பார்வை எல்வீனாவின் மேல் விழுந்தது. நிற்காமல் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது.



பெரியவர் இருவரையும் மேடைக்கு அழைத்தபோதுதான் அம்மா அவளை நேராகப் பார்த்தாள். பார்த்தவள் ஓரடி பின்வாங்கினாள். பெரியவர் நல்ல மனிதர்தான், குரலில் வெல்லம் கலந்திருந்தது. அம்மாவின் கையையும் மகளின் கையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயர்த்திக் காட்டினார்.

"சகோதர சகோதரிகளே, ஒரே ரத்தம். ஒரே குடும்பம். ஒரு குளிர்காலம்தான் நம்மகூட இருந்திருக்கா. வித்தியாசத்தை நீங்களே பாருங்க."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் முக்கால்வாசி மறந்துபோயிருந்தது. தங்கள் மொழியில், உதடு அசையாமல் கேட்டாள். "எல்வீனா, உனக்கு உடம்புக்கு என்ன? ஏன் பொணமாட்டம் வெளிறிக் கெடக்கே? இந்த ஜனங்க உனக்குச் சோறு போடலையா?"

பெரியவர் புன்னகையோடு குனிந்தார். "அம்மா என்ன சொல்றாங்க, கண்ணு?"

நூற்றுக்கணக்கான முகங்கள். எல்லாம் வெள்ளை, எல்லாம் பிரியமாகக் காத்திருக்கின்றன.

"சந்தோஷமா இருக்காங்களாம்," என்றாள். "நன்றி சொல்றாங்க."

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்ததும் அம்மா அவள் மணிக்கட்டை விடவில்லை. பனி உருகிச் சேறாகியிருந்த இடத்தில் மாமா ஹாஸ்கியின் பிக்கப் வண்டி நின்றது. சிகரெட் பிடிப்பவனை உள்ளே விடமாட்டார்கள் என்று அவனாகவே வெளியில் இருந்துவிட்டான். மருமகளைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டான்.

"ஏ அக்கா! இதென்ன, நம்ம புள்ளையா? காத்தடிச்சா பறந்துடும் போலிருக்கே."

அந்தக் குரலைக் கேட்டதும் எல்வீனா உடைந்தாள். அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். "என் தோலு மாறுதும்மா. நான் கேக்கல. அதுவா மாறுது. நான் அந்தத் தோல் மாத்துறவங்கள்ல ஒருத்தியாயிட்டேனா?"

அம்மா சிரிக்கவில்லை. சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். அம்மாவும் பயந்துபோயிருந்தாள்.

"ஏத்து வண்டில," என்றாள் தம்பியிடம்.

ஆர்டித் ஓடிவந்தாள். "எங்கே கூட்டிட்டுப் போறீங்க? பள்ளிக்கூடம் மே வரைக்கும் இருக்கே!"

ஹாஸ்கி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். "அக்கா கேக்குறா, புள்ளைக்கு என்ன சாப்பாடு போட்டீங்கன்னு."

"சாப்பாடா? எங்க வீட்ல சாப்பாட்டுக்கா குறைச்சல்? ஜனீல், நீயே சொல்லேன்!"

ஜனீலின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "அவ எதையும் தின்னலம்மா. நான்தான் தின்னேன். பாலு, ரொட்டி, கிழங்கு எல்லாத்தையும். வெள்ளையா எதைத் தின்னாலும் வெளுத்துடுவோம்னு அவளுக்குப் பயம். நீங்க கையைக் கையைப் புடிச்சுப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒதறும்."

ஆர்டித் கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் நல்லதுதானே சொன்னேன்," என்று தன் கையுறைகளைப் பார்த்துச் சொன்னாள். "நல்லது நடக்கும்னுதானே சொன்னேன்." அம்மா அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எல்வீனா எதிர்பார்த்தாள். அம்மா வண்டியில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஊர்ப் பக்கத்து டூபா சிட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்வீனாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் தண்ணீராகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயத்தைப் பாதித்திருக்கும் என்றார். அம்மா ஆட்டு ஈரலைத் தணலில் சுட்டு ஊட்டினாள். ஆனால் டாக்டரின் மருந்து பாதிக்குத்தான் ஆகும் என்பது அம்மாவின் எண்ணம். மந்திரம் பாடுகிறவரை அழைத்துவந்து வீட்டில் பாட்டு வைத்தாள். யூக்கா செடியின் வேரை நுரைக்க அடித்து மகளின் குட்டை முடியைத் தானே அலசினாள். கிழக்கு வெளுக்கும்போது மகரந்தத்தைத் தூவிவிட்டு, உன் பேரைச் சொல், உன் குலத்தைச் சொல் என்றார் பாடியவர். எல்வீனா தடுமாறாமல் சொன்னாள்.

கோடையில் நிறம் திரும்பியது. பயம் முழுவதும் போனதென்று சொல்ல முடியாது. பெரியவளான பிறகும் குளிர்காலங்களில் அவள் வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைப்பாள், கணவன் எவ்வளவு கிண்டல் செய்தாலும் சரி. கிளினிக்கில் டாக்டருக்கும் கிழவர் கிழவிகளுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. அதில் அவள் பிடிவாதக்காரி என்று பேர். நோயாளி டாக்டரைக் கழுதை என்று திட்டினால் கழுதை என்றே ஆங்கிலத்தில் சொல்வாள்.

ஆர்டித் காலமான சேதியை ஜனீல்தான் போனில் சொன்னாள். அதன்பின் வருஷத்துக்கு ஓரிரு முறை பேசிக்கொள்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டு முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் கிளினிக்குக்கே போன் வந்தது.

"எல்வீனா, புதுசா அச்சடிச்சிருக்காங்க புத்தகத்தை. அந்த இடத்துல வெள்ளைங்கிற வார்த்தையை எடுத்துட்டாங்க. தூய்மையாவாங்கன்னு போட்டிருக்காங்க. உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு."



"அப்போ அதுவரைக்கும் நாங்க அழுக்கா, ஜனீல்?"

அந்தப் பக்கம் ஜனீல் அழுவது கேட்டது. எல்வீனா அவளைத் தேற்றினாள். அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

போனை வைத்ததும், அன்று கோயிலில் தன்மேல் நிற்காமல் தாண்டிப்போன அம்மாவின் பார்வை நினைவுக்கு வந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். மணியடித்துப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் மகள் கையை ஆட்டியபடி நேரே அவளை நோக்கி ஓடிவந்து, "பசிக்குதும்மா" என்றாள்.