'மீ' என்ற ஒரு சொல்

கழிவுநீர்த் தொட்டியின் பம்ப் அன்று காலையில் நின்றுபோனது. ராணிப்பேட்டையில் நான் லேப் இன்சார்ஜாக இருந்த தோல் தொழிற்சாலையில் அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் தொட்டியில் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. அப்புறம் ஆள் விழுவதுதான்.

கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது. மீட்டர் எடுக்க நான் லேபுக்குப் போனேன். தொட்டியருகே மேனேஜர் நசீர் பாயும், பம்ப் கம்பெனி அனுப்பிய மார்ட்டின் என்ற வெளிநாட்டு இன்ஜினியரும் நின்றார்கள். மார்ட்டினுக்கு இதுதான் முதல் தோல் ஷெட். அதுவரை நல்ல தண்ணீர் பம்ப்தான் பார்த்தவராம்.

திரும்பி வரும்போது பாய் எதிரே வந்தார். ஸ்பேனர் எடுக்கப் போகிறாராம். பம்பைப் பார்க்க விருப்பமா என்று மார்ட்டின் தன்னைக் கேட்டதாகவும், "எஸ் ப்ளீஸ்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. "இன்னா கேட்டாரு பாய்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"வுட் யூ லைக் மீ டு கோ டவுன் அண்ட் லுக்."

'வுட் யூ லைக் டு' என்றால் போகப்போவது நாம். நடுவில் 'மீ' வந்தால் போகப்போவது கேட்டவர். பாய் கொடுத்தது, மார்ட்டின் உள்ளே இறங்க அனுமதி.

ஓடினேன். மார்ட்டின் இடுப்புவரை தொட்டிக்குள் இருந்தார். கை மட்டும் ஏணியின் மேல்கம்பியில். வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பழகின வாய் "வுட் யூ மைண்ட்" என்று ஆரம்பித்தது. பாதியில் விட்டேன். பிறகு எந்த மரியாதையும் இல்லாமல் கத்தினேன்: "கம் அவுட்! கேஸ்!"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அந்த நொடிதான் இன்றும் கனவில் வருகிறது. அப்புறம் ஏறி வந்தார். கயிற்றில் கட்டி மீட்டரை இறக்கினேன். சிறிது ஆழம் போவதற்குள் அலறியது. மார்ட்டின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்றம் குறைந்ததால் பயமில்லை என்று நினைத்ததாகச் சொன்னார்.

ஸ்பேனரோடு வந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "மீன்னா ஒரு எழுத்துதானேம்மா. அதுக்குள்ள ஒரு ஆளு நின்னுட்டிருந்தாரே," என்றார்.

புளோயர் வைத்துக் காற்றடித்து, மீட்டர் அடங்கின பிறகுதான் முகமூடியும் கயிறுமாக எங்கள் ஆட்கள் இறங்கிப் பம்பைச் சரிசெய்தார்கள். சாயந்திரம் மார்ட்டின் பாயிடம், "ஷல் ஐ ஸ்டார்ட் த பம்ப்?" என்றார். பாய் உடனே தலையாட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "ஸ்டார்ட் பண்ணப் போறது அவருதானே?" என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, "எஸ். யூ ஸ்டார்ட். ஐ ஸ்டேண்ட் ஹியர்," என்றார்.

இலக்கணப் புத்தகம் அந்தப் பதிலைத் திருத்தும். நான் திருத்தவில்லை. ஆங்கிலத்தில் யாராவது உதவ முன்வந்தால், செய்யப்போவது யார் என்று தெரிந்த பிறகு 'எஸ்' சொல்லுங்கள். தெரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள்.