யேமன் வழியாக ஊருக்கு

விமான ரிக்கற் விற்கிறவளுக்கு வாய்தான் முதல். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இதையும் எங்கேயாவது பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கனடாவில், டோர்செட் பார்க்கில் சின்ன ஏஜென்சி. இலங்கையில் போர் முடிந்த கையோடு எல்லோருக்கும் ஊருக்குப் போக வேண்டும். இருந்ததில் மலிவான ரிக்கற், யேமனில் ஒரு நாள் தங்கிப் போவது. அங்கே மலைப் பழங்குடிக் கோத்திரத்தார் வெளிநாட்டுக்காரரைக் கடத்துகிறார்கள் என்று ரீவியில் காட்டிவிட்டார்கள். கவுண்டரில் நின்று பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ஆர் வெளிநாட்டுக்காரர்?

"பயப்படாதேங்கோ அங்கிள், வெளிநாட்டுக்காரரைத்தான் பிடிக்கிறவையாம், எங்களை இல்லை" என்று ஒரு பெரியவரைத் தேற்றினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கனடா பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புக்கூட விழாத புதுசு.

"இவ்வளவு காலமும் அகதி எண்டினம். இப்பதான் பிள்ளை நான் வெளிநாட்டுக்காரன் ஆனனான். அதுக்குள்ள பிடிக்கப் போறாங்களோ?"

விருந்து

முதலாளி அண்ணை வேறு வழி சொன்னார். கோத்திரத்தார் அரசிடம் றோட்டும் கரண்டும் கேட்கத்தான் ஆளைப் பிடிப்பார்களாம். பிடித்தவரை விருந்தாளியாக வைத்து ஆட்டிறைச்சியும் சோறும் போடுவார்களாம். அதை அப்படியே ஒரு அன்ரியிடம் ஒப்புவித்தேன். அவ சுவர்க் கலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"நான் வெள்ளிக்கிழமையில மச்சம் மாமிசம் சாப்பிடுறேல்லை. அதை அவையளுக்கு முதலே சொல்லிவிடுவியளோ?"

என் முறை

ரிக்கற் ஒன்றும் நகரவில்லை. "நீர் போய்ட்டு வந்து சொன்னால்தான் சனம் நம்பும்" என்று முதலாளி எனக்கு ஒன்றை இலவசமாகத் தந்தார். என் தங்கச்சி அப்போதுதான் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே வந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு ஏறினேன்.

யேமனில் ஹோட்டலுக்குக் கொண்டுபோன டிரைவர், எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். கனடா என்றால் பிடித்துவிடுவார்களே, இலங்கை என்றேன். உடனே வண்டியை ஓரம் கட்டினார். எனக்கு உயிர் போய்விட்டது. இறங்கிப் போனவர் ஒரு தேத்தண்ணியோடு திரும்பி வந்து, அதை என் கையில் வைத்துவிட்டு மிகவும் இரக்கமாகக் கேட்டார்:

"இலங்கைக்கா போகிறீர்கள்? அங்கே ஆட்களை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போகிறார்களாமே, பயமில்லையா?"

அவருடைய வானும் வெள்ளைதான்.

யேமனில் இலங்கைக்காரி என்றும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கனடாக்காரி என்றும் சொல்லித் தப்பினேன்; கடைசியில் என்னைப் பிடித்து வைத்து, ஆட்டிறைச்சியும் சோறும் போட்டு, விடமாட்டேன் என்று நின்றவள் என் தங்கச்சிதான்.