சர்வருக்குத் தனிப் பட்டா

"...அதான் சார், கூட்டுப் பட்டான்னாலே எனக்கு ஆகாது. கொழுந்தனாரோட சேர்ந்திருந்த நிலத்தைத் தனிப் பட்டாவா மாத்துறதுக்குள்ள தாலுகா ஆபீஸ் வாட்ச்மேனே எனக்குச் சொந்தக்காரர் ஆயிட்டார். சர்வராவது தனியா இருக்கட்டும்."

சொன்னது திருத்துறைப்பூண்டி ஜெசிந்தா மேடம். விவசாயிகள் போனிலேயே அறுப்பு மெஷின் புக் செய்கிற வெப்சைட் நடத்துகிறார். போன வாரம் மழை வரும் என்று செய்தி வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய... சைட் படுத்துவிட்டது.

சம்பா முற்றி நிற்கிற நேரம். மழைக்கு முன்னால் மெஷின் இறங்காவிட்டால் பயிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்துவிடும். அடுத்த மழைக்குள் சைட் எழுந்தாக வேண்டும்!

என்னை ஏன் கூப்பிட்டார்? இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் அவ்வப்போது பாடும் கம்ப்யூட்டர் புராணத்தை நம்பித்தான். நான் படித்துக் கற்றவன் இல்லை, கெடுத்துக் கற்றவன் — எத்தனை சைட்டை!

மேடம் வைத்திருப்பது விபிஎஸ். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பிரித்து ஆளுக்கொரு பங்கு. அவர் கேட்கிற டெடிகேட்டட் சர்வர் என்றால் கம்ப்யூட்டர் முழுசும் நமக்கே. அப்போ முழுசுதானே நல்லது? எல்லா நேரமும் இல்லை. பங்கைச் சில நிமிடங்களில் பெரிதாக்கலாம், சீசன் முடிந்ததும் சுருக்கலாம். முழுக் கம்ப்யூட்டரை அப்படி இழுத்து நீட்ட முடியுமா? வருஷம் பூரா கூட்டம் மொய்க்கிற சைட் என்றால் நானே தனி சர்வர்தான் சொல்லியிருப்பேன். இவருக்குக் கூட்டம் அறுப்பு சமயத்தில் மட்டும்.

சொந்தமாக எத்தனை அறுப்பு மெஷின் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டுதானாம். மற்றவை சீசனுக்கு வெளியூரிலிருந்து வருகிறவை. எல்லாவற்றையும் வாங்கிப் போடுவதுதானே என்றேன்.

"மத்த மாசமெல்லாம் ஷெட்டுல நின்னு துருப்பிடிக்கவா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். சிரித்தார். ஆனாலும் விடவில்லை.

"வாயால சொன்னா ஆச்சா சார்? செஞ்சு காட்டுங்க."

காட்டினோம்! நான் பங்கைப் பெரிதாக்கினேன். அவர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினார் — சரியாகப் பதினொரு மணிக்கு எல்லோரும் புக் பண்ண வேண்டும், பெயருக்குப் பக்கத்தில் 'டெஸ்ட்' என்று போட வேண்டும்.

மணி பதினொன்று. எண்ணிக்கை மடமடவென்று ஏறியது பாருங்கள்... என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வரப்பிலிருந்து, டீக்கடையிலிருந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து! வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கூட ஒரு மெஷின் கேட்டிருந்தார். உப்பை அறுக்கவா என்று குரூப்பே அவரைப் பிடித்துக்கொண்டது.

சைட்? அசராமல் நின்றது!

திரையில் ஏறிய கோட்டைக் காட்டி நான் குதித்துக்கொண்டிருந்தேன். மேடம் பெயர்ப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயருக்குப் பக்கத்தில் விரல் நின்றது.

'அக்கா, இது டெஸ்ட் இல்ல. எங்க பக்கம் வானம் கருத்துக்கிட்டு வருது.'

"இந்தப் பங்கையே வெச்சுக்குவோம் சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. அதற்குள் போன் அவர் காதில் இருந்தது. ஈர வயலிலும் இறங்குகிற பெல்ட் மெஷினை லாரியில் ஏற்றச் சொல்லி டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார்.