பதினோரு வரி

நாடகக் குழுவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பிரதியக்கா. நாடக ஆசிரியர் எழுதித் தருவதை நடிகர்களுக்குப் படியெடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தாறு ஆண்டுகள், நாற்பத்திரண்டு நாடகங்கள். ஆசிரியருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. படியெடுத்து ஒப்புப் பார்த்ததும் மூலத்தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். "ரெண்டு தாள் இருந்தா ரெண்டு நாடகம் ஆயிடும்மா" என்பார். ஒத்திகைக் கூடத்து மூலையில் திரை வரைபவர் பசை காய்ச்சும் அடுப்பு அதற்குத் தோதாக இருந்தது.

அவர் போய் முப்பது வருஷமாகிறது. அவர் கையால் எழுதிய ஒரு துண்டுத்தாள்கூட இன்று இல்லை. இருப்பதெல்லாம் அவள் கையெழுத்து. படம் எடுப்பவர்களுக்கு அது போதாதா? அந்தக் காலத்து உடையும் விளக்குமாக ஒரு படம் எடுக்கிறார்கள். நாடகங்களை எழுதியது அவரல்ல, படியெடுத்த பெண்தான் என்பது கதை. பெண் இயக்குநர் ஒருத்தி வீடு தேடி வந்து, கேமராவை நிறுத்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு வரியாவது நீங்க எழுதினது உண்டா?"

பக்கத்திலிருந்த தம்பி தொண்டையைச் செருமினான். அதே குழுவில் விளக்குப் போட்டவன். அவனுக்குத் தெரியும்.

உண்டு. ஒரு நாடகத்தின் முடிவில், விடுதிக்காரி விடுதியைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும் முன் பேசும் பேச்சு. இன்று பள்ளிக்கூடப் போட்டிகளில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆசிரியர் எப்போதும் தாளின் ஒரு பக்கம்தான் எழுதுவார். அன்று தாள் போதாமல் கடைசிப் பேச்சைப் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். அவள் கவனிக்கவில்லை. கிழித்துப் போட்ட துண்டுகள் தீயில் சுருளும்போதுதான் மறுபக்கத்து மை தெரிந்தது. கைவிட்டு எடுப்பதற்குள் சாம்பல்.

"அக்கா, என் கடைசித் தாள் எங்க?" என்று நடிகை வந்து நின்றாள். ஆசிரியரிடம் சொல்லத் தைரியமில்லை. மூலையில் உட்கார்ந்து பதினோரு வரி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒத்திகையில் மூன்றாவது வரிசையிலிருந்து ஆசிரியர் தலை தூக்கினார். "இதை நானா எழுதினேன்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து அவர் நடக்கும் சத்தம், பசை வாடை, கூடத்துக்குள் விழும் சாய்ந்த வெயில், எல்லாம் இந்தக் கேமரா வெளிச்சத்திலும் அவளைச் சுற்றி வந்தன.

"பதினோரு வரி என்னோடது. நாற்பத்திரண்டு நாடகமும் அவரோடது. ரெண்டையும் சேர்த்துக் காட்டுறதா இருந்தா சொல்றேன்" என்றாள்.

இயக்குநர் முகம் மலர்ந்து வாடியது. "முதல் பாதி போதும்மா. ரெண்டாவதைச் சொன்னா படமே நிக்காது."

"அப்போ ரெண்டையுமே விட்டுடுங்க."

கேமராவை எடுத்துக்கொண்டு அவர்கள் போனதும் தம்பி பிடித்துக்கொண்டான். "வீடு தேடி வந்த பேரை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டியே! உனக்கென்ன, அரிச்சந்திரன் தங்கச்சின்னு நினைப்பா?"

"சும்மா இருடா. அந்த விடுதிக்காரி எப்படிச் சிரிப்பா, எதுக்குக் கோபப்படுவான்னு மூணு அங்கமா அவர் சொல்லி வச்சிருந்தார். அவ எனக்குப் பழக்கமான பொம்பளை மாதிரி ஆயிட்டா. அவ பேசினா, நான் எழுதினேன். அவளை உண்டாக்கினது யாரு?"

 தம்பி குரலில் கிண்டல் இல்லாமல் கேட்டான்.

"சரிக்கா, அவர் அந்த இடத்துல என்னதான் எழுதியிருந்தார்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளை அதைக் கேட்டதில்லை.

"நான் படிக்கவே இல்லடா" என்றாள்.