பேய்க்கரும்பின் புள்ளிகள்

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபாஸ்ட்ஃபுட் கடைக்காரர் நூடுல்ஸில் வினிகர் ஊற்றிய நேரம் பார்த்தா அந்த அழைப்பிதழ் போனில் வர வேண்டும்? "தாவரக் குரோமோசோம்களில் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ: பரிணாமத்தின் பொக்கிஷம்." சிறப்புரை, எங்கள் பழைய புரொபசர். பொக்கிஷமாம்! அன்று அவர் வாயில் அதற்குப் பெயர் குப்பை.

வினிகர் வாடைதான் எங்கள் சென்னை லேபின் வாடை. அதே வினிகர் அமிலத்தில் ஊறிய வேர்நுனியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினால் குரோமோசோம்கள் பரவும். லேப் உதவியாளனாக விடிகாலை மின்சார ரயில் பிடித்துப் போய் நசுக்கியதில் என் விரல் சப்பையானதுதான் மிச்சம். நைனா என்னை விஞ்ஞானி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார், பாவம்.

அங்கே ஆராய்ச்சி மாணவி ரேணுகா அக்கா, அம்மையார்குப்பத்துக்காரி. கரும்பையும் அதன் காட்டுச் சொந்தமான பேய்க்கரும்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேய்க்கரும்பு, திருவாலங்காட்டில் எங்கள் வயலோரக் கால்வாயில் நான் பிடுங்கிக் கொடுத்தது. ஒரே சின்ன டி.என்.ஏ துண்டு ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும் இடத்தை ஒளிரும் சாயத்தால் காட்டுவது அவள் வேலை.

"குப்பைன்னா எங்கியும்தானே கெடக்கணும்? இது குரோமோசோம் இடுப்புலயே உக்காந்துகினு இருக்குது. அதுவும் கரும்புல ஒரு மாதிரி, இதுல ஒரு மாதிரி. ரெண்டும் பிரிஞ்ச கதையே இதுலதான்பா இருக்குது" என்பாள்.

பல மாதம் போராடி ஒரே ஒரு தகடு சரியாக வந்தது. பத்து மணிக்கு வருகிறேன் என்ற புரொபசர் மகாராசா மூன்று மணியாகியும் வரவில்லை. "வெளக்கத் தொறக்காதே, வெளிச்சம் பட்டா சாயம் மங்கிப்பூடும்" என்று சொல்லிவிட்டு அக்கா அவரைக் கூப்பிடப் போனாள். நான் மைக்ரோஸ்கோப் விளக்கின் மூடியைத் திறந்து குனிந்தேன். இருட்டில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புரொபசர் ஏப்பம் விட்டபடி வந்து குனிந்தார். "எங்கம்மா புள்ளி? இருட்டுதான் தெரியுது."

"இருந்துச்சு சார். தோ, இவனும் பாத்திருப்பான். சொல்லுபா!"

பார்த்தேன் என்றால் விளக்கைத் திறந்த விஷயமும் தெரிந்துபோகும். வேலை போய்விடுமென்று பயம். "சரியா தெரியலைங்க சார்" என்றேன். எனக்கெல்லாம் முதுகெலும்பு எதற்கு, சட்டை மாட்டவா?

"குப்பையக் கிளறினது போதும். தலைப்ப மாத்து" என்றார் அந்த மேதை. மறுபடி செய்யச் சாயமும் இல்லை, அவளுக்கு உதவித்தொகைக் காலமும் முடிந்திருந்தது. பட்டம் வாங்காமலே போனாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எவ்ளோ நேரம்பா பாத்துகினு இருந்தே?" நான் தகடு கழுவப் போய்விட்டேன்.

இப்போது காற்று திரும்பிவிட்டது, புரொபசரும் கூடவே திரும்பிவிட்டார். கால்வாய்க்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். பேய்க்கரும்பு ஒரு தோகைகூட இல்லை. லேப் இருந்த கட்டடம் இல்லை. அக்கா எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்ல ஆளில்லை. பதில் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது: அரை மணி நேரம், அக்கா. நன்றாகத் தெரிந்தது.