டயருக்குள் கட்டிப்பால்

சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டை ஆட்களோடு பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவேன். ஆனால் பாலம் தாண்டி மலேசியப் பக்கம், கூலாயில் என் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளின் டயரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காற்று தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

பெயர் என்னவோ மலைச் சைக்கிள். நான் ஓட்டுவது செடெனாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில். அங்கே மலை கிடையாது. லோரி போன பள்ளங்களும் மழைத்தண்ணீர் அறுத்த மண் பாதையும்தான். இருந்தும் இமயமலையிலிருந்து இறங்குகிறவன் வைத்துக்கொள்ளும், அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க் ஒன்றை வாங்கி முன் சக்கரத்துக்கு மாட்டினேன். பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி, உடனே எழுந்து கொள்ளும். அதற்குள் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. கடைக்காரச் சீனர், "அண்ணே, எத்தனை கிலோ?" என்று கேட்டார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் கல்யாணத்தின்போது இருந்த எடையைச் சொன்னேன். அவர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு மரியாதையாகக் காற்றை அடைத்துக் கொடுத்துவிட்டார்.

முதல் பள்ளத்திலேயே ஃபோர்க் அடிவரை அமுங்கியது, எழவில்லை. நான் மட்டும் ஹேண்டிலைத் தாண்டிப் போய்ச் சேற்றில் விழுந்தேன். கூட ஓட்டுகிற நண்பர்களிடம் ஃபோர்க் போலி என்று பல வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதோடு விட்டிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட மாதிரி, டயரையும் டியூப்லெஸ்ஸாக மாற்றினேன். உள்ளே டியூப் இருக்காது. பால் போன்ற ஒரு திரவத்தை டயருக்குள் ஊற்றி வைப்பார்கள். முள் குத்தினால் அது ஓடி வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். என் டயரில் அது ஓட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் அடைத்தது. நான் விளிம்பைச் சரியாகப் பொருத்தாததால் ஒரு பக்கம் காற்று சீறும். அதையும் மீறி நின்ற காற்றைச் செம்பனை மட்டையின் முள் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஞாயிறும் தோட்டத்து வாசலில் நின்று மனைவிக்குப் போன் செய்வேன். அவள் காரில் வருவாள். தலைவாரிப் பொட்டு வைத்து, கோயிலுக்குக் கிளம்பியவள் போல வருவாள். நம்மால் இவள் கோயிலுக்குப் போவதும் கெட்டது என்று நினைத்துக்கொள்வேன். சைக்கிளைக் காருக்குள் திணித்ததும் வழியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில், பரோட்டாவின் தம்பியான ரொட்டி சானாய் சாப்பிடுவோம். அவள் திட்டிக்கொண்டே சாப்பிடுவாள். நானும் திட்டை வாங்கிக்கொண்டே இன்னொரு ரொட்டி சொல்வேன்.

ஒருநாள் கடையில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "என்னாங்க, சைக்கிள் ஓட்றது நீங்களா, நானா? வாராவாரம் நான்தான் கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன். இன்னொரு தடவ கூப்பிட்டீங்க, இத பழைய இரும்பு லோரில தூக்கிப் போட்டுருவேன். பாத்துக்குங்க."

அவள் சொன்னால் செய்வாள். என் பழைய மீன்தொட்டி அப்படித்தான் போனது. இனி போன் செய்யாமல் வீடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் சைக்கிள் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கடையில் புட்டியில் விற்கும் அந்தத் திரவம் என்ன? ரப்பர் பால். நான் பிறந்ததே பால்மரத் தோட்டத்தில். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டார்களே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சித்தப்பா மகனிடம் கொஞ்சம் பால்மரம் இருக்கிறது. சனிக்கிழமை காலை போய், சுடச்சுட இறங்கிய பாலை வாங்கி வந்து இரண்டு டயரிலும் ஊற்றினேன். அமோனியா சேர்க்காவிட்டால் பால் உறைந்துவிடும் என்பது தோட்டத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு நாளைக்குத்தானே, தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை சைக்கிளில் ஏறியதும் சக்கரம் 'தொப், தொப்' என்றது. இரவெல்லாம் பால் டயரின் அடியில் தேங்கி, அப்படியே கட்டிப்பாலாகிவிட்டது. சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கட்டி தரையில் மோதியது. ஃபோர்க் அதற்கும் பணிந்து பணிந்து அமுங்கியது. நண்பர்கள் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். சிறிது தூரத்தில் ஒரு முள். அடைக்க வேண்டிய பால் கட்டியாகக் கிடக்க, காற்று மட்டும் வெளியே வந்தது. கூடவே நாற்றமும். கட்டிப்பால் ஏற்றிய லோரிக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போனை எடுத்தேன். இரும்பு லோரி ஞாபகம் வந்தது. பைக்குள் வைத்துவிட்டேன். வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூலாய் வரை நடந்தேன். மாமாக் கடையைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை. காலெல்லாம் வலி, ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்ற பெருமை.

வீட்டில் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். கையில் கார் சாவி.

"ஏன் போன் பண்ணல?"

"நீதானே லோரில போட்டுருவேன்னு சொன்ன?"

"சொன்னா? நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டீங்களா இதுவரைக்கும்?" குரல் உடைந்தது. "நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பாலம் தாண்டி வேலைக்குப் போயிடுறீங்க. வந்தா சாப்பிட்டுக்கிட்டே தூங்குறீங்க. அந்தக் கடையில உக்காந்து பேசுறதுதான்லா எனக்கு ஞாயித்துக்கிழம. காலையிலேருந்து ரெடியாகி உக்காந்திருக்கேன்." பிறகு மூக்கைச் சுளித்தாள். "அலமாக், என்னா நாத்தம் இது!"

எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. இத்தனை வாரமும் அவள் கிளம்பியது கோயிலுக்கு இல்லை. நின்றுபோன லிஃப்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பதுதான் என் தொழில். வீட்டில் அதைக் கேட்டதே இல்லை.

அந்த வாரம் சைக்கிள் கடைக்குப் போய் உண்மையான எடையைச் சொன்னேன். கடைக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. கட்டிப்பாலைச் சுரண்டி எடுத்து, புட்டித் திரவத்தை ஊற்றி, டயரை அவரே பொருத்திக் கொடுத்தார். ஞாயிறு அன்று முள் குத்தியது. வெள்ளையாக ஒரு சொட்டு வெளியே வந்து அப்படியே அடைத்துக்கொண்டது. ஃபோர்க் ஒவ்வொரு பள்ளத்திலும் அமுங்கி எழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டியே வீட்டுக்குப் போகலாம்.

தோட்டத்து வாசலில் இறங்கிப் போன் செய்தேன்.

அவள் வந்தாள். காதில் பெரிய ஜிமிக்கி. காரை விட்டு இறங்கி, குனிந்து, கட்டைவிரலால் முன் டயரை அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது. பின் டயரையும் அமுக்கினாள்.

"பஞ்சரா?" என்றாள்.

"பஞ்சர்தான்" என்றேன்.

காரின் பின்கதவைத் திறந்தாள். "சரி, ஏத்துங்க. பசிக்குது."